27 நொடிகள்

லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு நோக்கி ஏரிக்கரைமேல் கார் போகிறது. இடப்பக்கம் வீராணம் தளும்புகிறது. ஓட்டுகிற இளைஞர் ரேடியோவை நிறுத்தச் சொல்கிறார், நிற்கிறது. "அத்தாவுக்கு போன் போடு" என்கிறார். கார் அக்காவைக் கூப்பிடப் பார்க்கிறது. மறுபடி, எழுத்தெழுத்தாகச் சொல்கிறார். இம்முறை குவைத்தில் மணி ஒலிக்கிறது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு நகரவே இல்லை. பார்க்கிற நமக்கும் நிம்மதிதான்.

அந்த நிம்மதி எதை நம்பி வந்தது? கை ஓரிடத்தில் இருந்தால் மனமும் அங்கேயே இருக்கும் என்று நாமாக வைத்துக்கொண்ட கணக்கை நம்பி. 2015-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சில கார்களில், குரலால் வேலையை முடித்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடிகள் வரை ஆனது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். இந்தக் கரையில் 300 மீட்டருக்குள் ஒரு வளைவும் வரலாம், சைக்கிளில் ஒரு பிள்ளையும் வரலாம்.

கல்கியின் வந்தியத்தேவன் குதிரையில் வந்ததும் இதே கரைதான். ஏரியைப் பார்த்து அவன் தன்னை மறக்கலாம். குதிரை மறக்காது, இடறினால் விழுவது அதுவும்தானே. கார் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறது, அவ்வளவே.

பக்கத்துக் காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள் பிறந்த ஊர். பல தாளங்கள் ஒருசேர ஒலித்தபோதும் ஒவ்வொன்றின் எடையையும் ஓசையாலேயே பிரித்துச் சொன்னார் என்கிறது வைணவ மரபு. அதை அதிசயமென்றே மரபு போற்றுகிறது. நாமோ அந்த அதிசயத்தை அன்றாட ஓட்டுநர் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்த்துவிட்டு, கையை விடுவித்ததாலேயே மனிதனை விடுவித்துவிட்டதாக எண்ணி, நேசிப்பவரின் குரல் கேட்டதும் மனம் அவர் இருக்கும் ஊருக்கே போய்விடும் என்பதையும், அப்படிப் போகாவிட்டால் அது நேசமே இல்லை என்பதையும், கருவி நம் பேச்சை நன்றாகப் புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள அந்தப் பயணம் இன்னும் எளிதாகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

"எங்கப்பா இருக்க?" என்கிறார் குவைத்திலிருந்து அத்தா.

"ஏரிக்கரையில வந்துக்கிட்டிருக்கேன் அத்தா."

"அப்ப ரோட்டப் பாரு. வீட்டுக்குப் போயிட்டுப் பேசு."

அவரே வைத்துவிடுகிறார். காருக்குள் அமைதி. நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறேன்.