ஏற இயலாதார்க்கும் குன்று

பழமையைப் பேணுதலும் முதுமையைப் பேணுதலும் தம்முள் முரணுமாயின் எதனை முற்படுத்துவது அறம்? ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் குன்றில் இவ்வினா அண்மையில் எழுந்தது. 2020ஆம் ஆண்டு அங்கே புதிய மின்னுயர்த்தி பொருத்தப்பட்டது; உச்சியிற் கொங்கிறீற் பாதைகளும் இடப்பட்டன. முழங்கால் தளர்ந்தோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் பார்த்தினன் கோயிலை அணுகிக் காண இவை வழிசெய்தன. பாதைகளைத் தொல்லியலாளர் பலர் கண்டித்தனர். பழமையை உள்ளவாறே விடுக என்றனர்.

எந்நாளைய பழமையை? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு வாயிலுக்கு இட்டுச்சென்றது அகன்றதொரு சாய்தளம். பலிக்குரிய பசுக்கள் அதன் வழியே ஏறின. அதீனாவின் பெருவிழா ஊர்வலத்தில் ஒலிவக் கிளை ஏந்தி நடந்தோர் முதியவர்களே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமரே அச்சாய்தளத்தின் இடத்திற் பெரும் படிக்கட்டை அமைத்தனர்.

எனினும் கண்டித்தோர் கூற்றை முற்றாக ஒதுக்குதல் தகாது. அகலப் பரந்த கொங்கிறீற் பாறையின் இயல்பை மறைக்கின்றது. பெருங்கூட்டத்தை விரைந்து நகர்த்தும் வசதிக்கு முதியவர் பெயரைச் சாட்டாக்குவது அவர்க்கே இழைக்கும் அநீதி. ஆயின் அதற்குப் பரிகாரம் பாதையின் அகலத்தைக் குறைத்தல், வழியை அடைத்தலன்று.

கீழே நின்று நோக்கினாற் போதாதா என்பாரும் உளர். (இளங்கால்களையுடைய எமக்கு இவ்வாறு கேட்பது எளிது.) போதுமெனில், அவர் தாம் ஏன் ஏறுகின்றார்? தூணின் அடியில் நின்று அண்ணாந்து நோக்குகையில் எமது சிறுமை புலனாகின்றதே, அதனை அடிவாரம் தருவதில்லை.