காண்டலும் உரையும்: படகு எஞ்சினின் மின்பொறி குறித்த ஓர் அளவை ஆராய்ச்சி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரையிலான கரையில் கடலுக்குச் செல்லும் எஞ்சின்களை, எரிபொருள் எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம். விசைப்படகின் டீசல் எஞ்சினில் காற்று இறுக்கப்படும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டப்பட்டு, பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் அவுட்போர்டு எஞ்சினுக்கோ சுற்றுதோறும் ஒரு மின்பொறி வேண்டும். அந்தப் பொறியைப் பிறப்பிக்கும் முறை மாறும்போது, எஞ்சினை நம்பிக் கடலில் இறங்குபவரின் அறிவு எதன்மேல் நிற்கிறது என்பதும் மாறிவிடுகிறது. அம்மாற்றத்தை அளந்தறியத் தமிழ்ச் சைவத்தின் அளவையியலே தக்க கருவியாகும்.

பழைய எஞ்சின்களில் இப்பணியைச் செய்தது ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனை இணை. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் சுழன்று கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்ப, உரிய கணத்தில் கேம் அந்த முனைகளைப் பிரிக்க, சட்டென அறுந்த மின்னோட்டம் பல்லாயிரம் வோல்ட் அழுத்தமாகி, பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கும். பிரியும் முனைகள் தீய்ந்துபோகாமல் காப்பது கண்டென்சர். 1956இல் திறக்கப்பட்ட திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையின் புல்லட் மோட்டார்சைக்கிளும் பல பத்தாண்டுகள் பாயிண்டிலேயே ஓடியதால், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி அமைப்பது இப்பகுதிப் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை. ஆனால் உப்புக்காற்றில் முனைகள் களிம்பேறிக் குழிவிழும். கேமில் உராயும் பகுதி தேயத் தேய இடைவெளி குறுகி, பொறி விழும் நேரமும் பிசகும்.

1970களில் அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பலர் பாயிண்டைக் கைவிட்டு ஏற்ற மின்னணு முறை ‘சி.டி.ஐ.’ எனப்படுகிறது. இதில் ஒரு சுருள் மின்தேக்கியை நிரப்பி வைக்க, மற்றொரு சிறு சுருள் உரிய கணத்தில் குறிப்பளிக்க, தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாவி திறந்து, தேங்கிய மின்சாரம் முழுவதையும் ஒரே வீச்சில் பொறிச்சுருளுக்குள் பாய்ச்சுகிறது. தொடுவதும் தேய்வதும் இதில் இல்லை. அலை உடையும் இடத்தில் எஞ்சின் அணைந்து, படகு குறுக்கே திரும்பும் வேளையில், ஒரே இழுப்பில் எஞ்சின் எழுவது உயிர் காக்கும் நன்மையாகும்; பழமையின்மீதுள்ள பற்றினால் அதைக் குறைத்து மதிப்பது அறமாகாது. ஆயினும் அந்த மின்னணுச் சுற்று பிசினில் புதைத்து இறுக்கப்பட்ட ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அது பழுதானால் பிரித்துப் பார்க்க உள்ளே ஏதுமில்லை.

முதலில் சொன்ன அளவையியலில், அறிவை அளக்கும் கருவி ‘அளவை’. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருள்நந்தி சிவாசாரியார், பலரும் பலவாறு விரித்த அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். புலனால் நேரே அறிவது காண்டல். அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாததைத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. பாயிண்டின் இடைவெளி காண்டலுக்கு உரியது. பிளக்கைக் கழற்றி எஞ்சினின் உடலில் சாய்த்துக் கயிற்றை இழுத்து, நீலப் பொறியைக் கொண்டு உள்ளிருக்கும் சுருள்கள் நலமென்று துணிவது கருதல். புகையைக் கொண்டு நெருப்பைத் துணிவது போன்ற இதனைக் காரிய ஏது என்பர், அதாவது விளைவைக் கொண்டு காரணத்தை அறிதல். இக்கருதல் சி.டி.ஐ. எஞ்சினிலும் எஞ்சியிருக்கிறது. காண்டல்தான் போய்விடுகிறது; அதன் இடத்தில் ‘இது சரியான பெட்டி’ என்ற விற்பவர் சொல் வந்து அமர்கிறது.

உரையை நம்புவது தாழ்ந்த அறிவன்று. திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீசுவரர் ஆண்டின் பெரும்பகுதியும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய 3 நாட்கள் மட்டுமே கவசம் நீக்கப்படுகிறது. ஏனைய நாட்களில் வழிபடுவோர் காணாததை உரையால் அறிந்தே தொழுகின்றனர். அங்கே மூடியது உரிய நாளில் ஊரறியத் திறக்கப்படுகிறது. கறுப்புப் பெட்டிக்கு அப்படியொரு நாள் இல்லை.

ஆகவே வினா, சொல்பவர் யார் என்பதில் வந்து நிற்கிறது. சைவ சித்தாந்தத்தில் உரை என்பது முதன்மையாக இறைவன் அருளிய நூலைக் குறிக்கும். அதற்கு முன்பே, நியாய சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர் உரை என்னும் அளவையை உலகியலுக்கும் விரித்து, பொருளை நேரே உணர்ந்து, உணர்ந்தபடியே உரைக்க விழைபவனே ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன் என்றும், முனிவர், ஆரியர், மிலேச்சர் எனப்பட்ட அயலார் ஆகிய அனைவருக்கும் அவ்விலக்கணம் ஒன்றே என்றும் வரையறுத்தார். பெட்டி ஜப்பானில் செய்யப்பட்டதா, சீனத்தில் செய்யப்பட்டதா என்பது அவ்விலக்கணப்படி பொருட்டன்று. போலியை அசலென்று சொல்லி விற்பவர் ஆப்தர் ஆகார், அவர் சொல் அளவையும் ஆகாது. ஒருவர் கையிலிருந்த காண்டலை வாங்கிக்கொள்பவர் அதற்கு ஈடாகப் பழுதற்ற உரையைத் தரக் கடமைப்பட்டவர்.

இக்கடமையின்படி, பழைய எஞ்சினை மின்னணு முறைக்கு மாற்றித் தரும் மெக்கானிக்குகள், மாட்டிய பெட்டி எது என்பதையும், சுருள்கள் ஒவ்வொன்றும் மீட்டரில் காட்ட வேண்டிய ஓம் அளவையும் தமிழில் எழுதிப் படகுக்காரரிடம் கொடுக்க வேண்டும். கழற்றிய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவித் தகர டப்பாவில் வைத்து அவரிடமே ஒப்படைக்க வேண்டும்.