புரியவில்லை என்று சொல்வது இழிவா?

கல்வி தேடுவது கடமை என்பதை நம் சமுதாயம் இன்று ஓரளவு உணர்ந்திருக்கிறது. அல்ஹம்து லில்லாஹ்! பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே கடைக்கும் கப்பலுக்கும் அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பொறியியல் கல்லூரிகளில் பயின்று வருகின்றனர். சென்னைக்குத் தெற்கே தாம்பரம் சுற்றுவட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் அவர்கள் தோற்றுவித்த எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. வண்டலூரில் 1984-இல் வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் தோற்றுவித்த கிரசென்ட் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக வளர்ந்திருக்கிறது. இன்னும் பல கல்லூரிகள் இப்பகுதியில் உள்ளன. தென்மாவட்டத்து ஊர்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கிப் படிக்கின்றனர்.

ஆனால் இப்பிள்ளைகளில் பலர் வெளியே சொல்ல இயலாத ஒரு துன்பத்தை மனத்துக்குள் சுமந்துகொண்டிருக்கின்றனர். பாடம் புரியவில்லை என்பதே அத்துன்பம். ஊரிலே முதல் மாணவன் என்று பெயரெடுத்தவன் முதலாண்டுக் கணிதத்திலேயே திகைத்து நிற்கிறான். பொறியியல் வரைபடம் அவனை மிரட்டுகிறது. வெப்ப இயக்கவியல் அவனுக்குப் புதிராக இருக்கிறது. கரும்பலகையில் உள்ளதை எழுதிக்கொள்கிறான். எழுதியது இன்னதென்று அறியான். 'புரிகிறதா?' என்று ஆசிரியர் கேட்டால், எல்லாரோடும் சேர்ந்து அவனும் தலையை ஆட்டிவிடுகிறான்.

அந்தத் தலையாட்டலைப் பற்றியே இங்கு நாம் சிந்திக்கப் போகிறோம். இது கல்லூரியின் பிரச்சினை, மார்க்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்டுவிடலாகாது. புரியாமல் இருப்பது குற்றமா? புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக் கொள்வது குற்றமா? முதலாவதை இழிவென்றும் இரண்டாவதைச் சாமர்த்தியம் என்றும் நம்மில் பலர் கருதிக்கொண்டிருக்கிறோம். மார்க்கமோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

புரியாமை குற்றமல்ல

திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் ஹழ்ரத் மூஸா (அலை) அவர்களின் பயணம் கூறப்படுகிறது. தவ்ராத் அருளப்பெற்ற அந்த மாபெரும் நபி, மற்றோர் அடியாரிடம் மாணவராகச் செல்கிறார்கள். ஓடத்தில் ஓட்டை போடப்பட்டதும் அவர்களுக்கு விளங்கவில்லை. சிறுவன் கொல்லப்பட்டதும் விளங்கவில்லை. உணவு தர மறுத்த ஊரிலே சுவர் நிமிர்த்தப்பட்டதும் விளங்கவில்லை. அறிவு சூழ்ந்தறியாத ஒன்றின் மீது பொறுமை காப்பது கடினம் என்று அவ்வடியார் முன்னரே சொல்லியிருந்தார். விளங்காத நிலையில் நின்றதால் மூஸா (அலை) அவர்களின் அந்தஸ்து அணுவளவும் குறைந்துவிடவில்லை. ஒரு நபிக்கே இழிவாகாத நிலை பதினெட்டு வயதுப் பையனுக்கு எப்படி இழிவாகும்?

அறிஞர் இப்னு ஸீனாவின் வரலாற்றையும் பாருங்கள். அவருடைய தத்துவக் கொள்கைகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மறுத்துரைத்தது வேறு விஷயம். ஆனால் அவர் பயின்ற விதத்தில் நமக்குப் படிப்பினை உண்டு. பதினாறு வயதுக்குள்ளேயே மருத்துவத்தில் பெயர் பெற்ற அந்த மேதை, அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை நாற்பது முறை வாசித்தார். நூல் மனப்பாடமே ஆகிவிட்டது. பொருள் மட்டும் விளங்கவில்லை. இந்நூலை விளங்கிக்கொள்ள வழியே இல்லை என்று கைவிட்டுவிட்டார். பிறகொரு நாள் புத்தகக் கடைத்தெருவில், விலைக்கு வந்த ஒரு சிறு நூலை, வேண்டாவெறுப்பாக மூன்று திர்ஹம் கொடுத்து வாங்கினார். அது அந்நூலின் நோக்கங்களை விளக்கி அல்ஃபாராபி எழுதியது. வீட்டுக்குச் சென்று வாசித்ததும் அடைபட்டிருந்த கதவு திறந்துகொண்டது. மறுநாளே அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தி ஏழைகளுக்கு தர்மம் வழங்கினார். இவை யாவும் அவரே தம் வரலாற்றில் கூறியவை.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. மனப்பாடமாவது வேறு, விளங்குவது வேறு என்பது ஒன்று. நாற்பது முறை முட்டியும் திறக்காத கதவு, சரியான விளக்கம் ஒன்று கிடைத்ததும் திறந்தது என்பது மற்றொன்று. ஆகவே 'எனக்கு மூளை இல்லை' என்று முடிவு கட்டுமுன், 'எனக்குரிய விளக்கம் இன்னும் என் கைக்கு வரவில்லையோ?' என்று மாணவன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளில் பலருக்குத் தடையாய் நிற்பது மூளையன்று, மொழியே. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன் திடீரென்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறான். இதை உணர்ந்தே அண்ணா பல்கலைக் கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. அரபி மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு இந்தச் சிரமம் புதிதல்ல. கிதாபு அரபியில் இருக்கும். உஸ்தாது அதன் பொருளைத் தமிழில் அவிழ்ப்பார். வாசகம் எந்த மொழியில் இருந்தாலும், விளக்கம் தாய்மொழியில் மனத்துக்குள் இறங்கினால்தான் அது இல்மாகும். பொறியியல் மாணவனும் ஒவ்வொரு பாடத்தையும் தன் வீட்டாருக்குத் தமிழில் சொல்ல முடிகிறதா என்று தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும்.

நடிப்பே குற்றம்

தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக் கொள்பவன், பொய்யாலான இரண்டு ஆடைகளை அணிந்தவனுக்கு ஒப்பானவன் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். தேர்வில் காப்பியடிப்பது ஹராம் என்பதை விளக்க வேண்டிய அவசியமில்லை. நாம் பேசுவது அதைவிட நுட்பமான ஒன்றைப் பற்றி. சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களை அடுக்கி வைத்து, விடைகளை உருப்போட்டு, ஓர் எழுத்தும் விளங்காமல் எழுதித் தேறிவிடுகிறானே, அவன் நிலை என்ன?

மருத்துவம் அறியாமலே மருத்துவம் செய்து ஒருவனுக்குக் கேடு விளைவித்தவன், அந்தக் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவான் என்று ஹதீஸ் கூறுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், வயதுவந்த ஒருவனைத் தன் விவகாரத்தில் தடுத்து வைப்பதற்கு எளிதில் இணங்காதவர்கள். அவர்களே மூவரைத் தடுக்க வேண்டும் என்றார்கள். மக்களுக்குத் தந்திரம் கற்பிக்கும் வெட்கங்கெட்ட முஃப்தி ஒருவர். அறிவில்லாத மருத்துவர் ஒருவர். வாகனமின்றியே கூலியை வாங்கிக்கொண்டு பயணிகளை ஏமாற்றும் வாடகைக்காரர் மற்றொருவர். முதலாமவர் தீனைக் கெடுக்கிறார். இரண்டாமவர் உயிரைக் கெடுக்கிறார். மூன்றாமவர் பொருளைக் கெடுக்கிறார். பாலமும் வீடும் மின்தூக்கியும் கட்டித் தருபவரின் கையில் உயிரும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. அறிவில்லாத மருத்துவருக்குச் சொல்லப்பட்டது இவருக்கும் பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்?

2014 ஜூன் 28-ஆம் நாள் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 உயிர்கள் மாண்டன. பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்களே அவர்களில் பெரும்பாலோர். அதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைச் சொல்வோம். மண்ணின் தாங்குதிறன், தூணின் மீது இறங்கும் பளு என்பவை மாணவனுக்குப் பத்து மதிப்பெண் கேள்விகளாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றின் மேல் மனிதர்கள் படுத்துறங்குகின்றனர். பட்டம் என்பது 'இவனை நம்பலாம்' என்று மக்களுக்குச் சொல்லும் சாட்சியம். அது ஓர் அமானத்.

களாவைப் போன்றது

'எல்லாரும் இப்படித்தான் படிக்கிறார்கள். வேலைக்குப் போனபின் கற்றுக்கொள்ளலாம். ஃபீஸ் கட்டும் தந்தையின் கஷ்டத்தைப் பார்ப்பதா, புரியும்வரை காத்திருப்பதா?' என்று சில வாலிபர்கள் கேட்கலாம். இக்கேள்வியை நாம் அலட்சியப்படுத்த மாட்டோம். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்தில் ஓர் அரியர் என்பது சிறிய விஷயமன்று. வேலையில் சேர்ந்தபின் கற்றுத் தேர்ந்தவர்கள் பலர் உண்டு என்பதும் உண்மையே.

மனப்பாடம் செய்வதையும் நாம் பழிக்கவில்லை. நம் மதரஸாக்களில் மூலவாசகத்தை முதலில் மனத்தில் பதிய வைத்து, பிறகு அதன் விரிவுரைக்குள் நுழைவதே வழக்கம். ஆனால் அங்கே மனப்பாடம் வாசற்படி. அதிலேயே உட்கார்ந்துவிடுகிறவன் வீட்டுக்குள் நுழைந்தவனாக மாட்டான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: விளங்காமல் தேறிய பாடம் களாவான தொழுகையைப் போன்றது. தொழுகையின் நேரம் கடந்துவிட்டது என்பதால் கடமை நீங்கிவிடுவதில்லை. நிறைவேற்றும்வரை அது நம் பொறுப்பில் கடனாகவே நிற்கும். அவ்வாறே தேர்வு முடிந்துவிட்டது, மதிப்பெண் வந்துவிட்டது என்பதால் விளங்கிக்கொள்ளும் கடமை நீங்கிவிடாது. விடுமுறையிலாவது, வேலையில் சேர்ந்த பின்னராவது அதை எடுத்துப் படித்துக் கடனை அடைத்தாக வேண்டும். அடைக்கும்வரை, அந்த விஷயத்தில் பிறருடைய உயிரையும் பொருளையும் தன் கையெழுத்தின் கீழ் ஏற்றுக்கொள்ளலாகாது. 'இது எனக்குத் தெரியாது. தெரிந்தவரைக் கேட்போம்' என்று சொல்லும் துணிவு அவனுக்கு வேண்டும். மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள். அதனால் அவர்கள் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

கேள்வியே மருந்து

நபித்தோழர்களின் பயணம் ஒன்றில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பிறகு அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாக வருந்தினார்கள். அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கூறி, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்கள். அறியாமை எனும் நோய்க்குக் கேள்வியே மருந்து என்ற கருத்தில் அமைந்த திருவாக்கு பிறந்தது இச்சந்தர்ப்பத்தில்தான். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை ஒவ்வொரு மாணவனும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் உயிர் போனதற்குக் காரணம் தெரியாமை அன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதே.

வகுப்பில் கேட்க நாணமாக இருந்தால் வகுப்பு முடிந்தபின் ஆசிரியரைத் தேடிச் சென்று கேட்கலாம். மதரஸாக்களில் 'தக்ரார்' என்று ஒரு முறை உண்டு. பாடம் முடிந்தபின் மாணவர்கள் கூடி அமர்வார்கள். ஒருவர் பாடத்தைத் திரும்பச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். விளங்கியவனுக்கு உறுதிப்படும்; விளங்காதவனுக்குத் திறக்கும். கல்லூரி மாணவர்களும் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் இவ்வாறு அமரலாமே! நம் பள்ளிவாசல்களின் நிர்வாகிகள் அதற்கு ஓர் அறையும் விளக்கும் கொடுத்தால், அதுவும் நன்மையான காரியமே.

குறையைச் சுட்டிக்காட்டும் ஆசிரியரைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், 1950-களில் அதே குரோம்பேட்டைக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்றவர். தாம் செய்த விமான வடிவமைப்பு போதாதென்று கல்லூரித் தலைவர் பேராசிரியர் சீனிவாசன் மறுத்ததைத் தம் தன்வரலாற்றில் அவரே கூறுகிறார். ஒரு மாத அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்றே நாள். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். இரவெல்லாம் வரைபலகையின் முன் நின்று முடித்தார். அதே ஆசிரியர் பாராட்டினார். பரவாயில்லை என்று அன்று அந்த ஆசிரியர் கையெழுத்திட்டிருந்தால், அது இரக்கமாகத் தோன்றியிருக்கும். ஆனால் துரோகமாக முடிந்திருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

கலாம் அவர்கள் அக்கல்லூரியில் சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தார். இன்றும் நம் வீடுகளில் எத்தனையோ தாய்மார்களும் சகோதரிகளும் அவ்வாறே கொடுக்கின்றனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் கொடுத்த நகையை நாள்தோறும் சொல்லிக் காட்டாதீர்கள். செய்த தர்மத்தைச் சொல்லிக் காட்டி வீணாக்கிவிட வேண்டாம் என்பது இறைக்கட்டளை. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். 'வாப்பா, பாடம் எனக்குப் புரியவில்லை' என்று மகன் சொல்லும்போது கை ஓங்கப்படுமானால், அடுத்த முறை அவன் பொய்தான் சொல்வான்; அல்லது எதையும் சொல்லாமல் உள்ளுக்குள் ஒடுங்கிப்போவான். அந்த ஒடுக்கம் சில பிள்ளைகளை உயிரையே வெறுக்கும் அளவுக்குத் தள்ளிவிடுகிறது. அரியர் வைத்த பிள்ளைக்கும் வீட்டில் சோறும் ஸலாமும் உண்டு என்பதை அவன் ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் ஒரு துறை ஒருவனுக்குப் பிடிபடாமல் போகலாம். அவரவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது அவருக்கு எளிதாக்கப்படும் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. அல்லாஹ் சுமத்தாததை நாம் ஏன் சுமத்த வேண்டும்? உழைத்துப் பார்த்த பின், ஆலோசித்து, இஸ்திகாரா செய்து, வேறு துறைக்கு மாறுவது தோல்வியன்று. அறியாத தொழிலில் பட்டத்தை மாட்டிக்கொண்டு அமர்வதைவிட, அறிந்த தொழிலில் நேர்மையாக நிற்பது மேலானது.

கல்வியை அதிகப்படுத்தித் தருமாறு கேட்கும்படி, எல்லா அறிஞர்களுக்கும் தலைவரான நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கே இறைவன் கற்பித்தான். அதிகம் வேண்டுமென்று கேட்பவன், தன்னிடம் இருப்பது போதாதென்று ஒப்புக்கொண்டவன்தானே? 'புரியவில்லை' என்ற சொல் அந்த துஆவின் முதற்படி.

தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும் உரைக்கும் வாய்மையையும், கேட்டறியும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் வழங்குவானாக! ஆமீன்.