ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும்

தேசிய இளைஞர் கால்பந்து அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்போர் பிராயத்தை ஜனவரி முதல் தேதியிலிருந்தே கணக்கிடுவதனால், ஒரே வருஷத்தில் ஜனித்த இருவருள் ஜனவரிப் பிள்ளை, ஏறக்குறைய பன்னிரண்டு மாத வளர்ச்சியை முன்னதாகவே பெற்று, தோளில் உயர்ந்து ஓட்டத்தில் முந்தி நிற்க, டிசம்பரில் பிறந்தவனோ, பந்து காலுக்கு வந்து சேருமுன்பே தலையைத் திருப்பித் தோழர்கள் நிற்குமிடத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளும் சூட்சுமம் கைவரப் பெற்றிருந்தும், மெலிந்த தேகத்தின் பொருட்டே பெரும்பாலும் கழிக்கப்பட்டுவிடுகிறான். இந்த அநீதியை உணர்ந்த பெல்ஜியத்தார், சரீர வளர்ச்சி தாமதப்பட்ட சிறுவர்களுக்கென்றே, பிரதான இளைஞர் அணிக்குப் பக்கத்தில் ‘ஃப்யூச்சர்ஸ்’ என்றொரு தேசிய அணியையும் வைத்து, அவர்களுக்கும் அயல்நாட்டாருடன் ஆடிப் பழகும் சந்தர்ப்பத்தை அளித்து வருகிறார்கள். விவேகமுள்ள ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரான்ஸிலோ, ஆந்த்வான் கிரீஸ்மான் என்ற சிறுவனை உள்நாட்டுக் கழகங்கள் பலவும் உயரம் போதாதென்று திருப்பியனுப்பிவிட (பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களா என்ன!), ஸ்பெயின் தேசத்து ரியல் சோசியடாட் கழகமே அவனை ஏற்று வளர்த்தது. 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், குரோஷியாவுக்கு எதிராகப் பிரான்ஸுக்குக் கோல் அடித்துக் கொடுத்தவர்களுள் அந்தக் கிரீஸ்மானும் ஒருவர்.