நஞ்சை இறைப்பதும் நஞ்சை ஏற்பதும்

கப்பலின் அடிப்புறத்தில் கொட்டலசும் பாசியும் அப்பிக்கொண்டால் வேகம் குன்றி எரிபொருட்செலவு கூடும் என்பதால், 1960களிலிருந்து டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு அங்கே பூசப்பட்டு, அது சிறிது சிறிதாகக் கசிந்து ஒட்டவரும் உயிர்களைக் கொன்றுவந்தது. அந்த நஞ்சு படிந்த துறைமுகச் சேற்றிலேயே சில பாக்டீரியாக்கள் பெருகி வாழ்வதை அறிவியல் ‘எதிர்ப்பு’ என்று குறிக்கிறது. ஆனால் எதிர்த்தல் என்னும் வினைக்கு எதிர்ப்பவர் ஒருவரும் அவருக்கு ஒரு கருத்தும் வேண்டுமே என்று மெய்யியல் கேட்கும்.

கருத்து அங்கே இல்லை. வைரஸைத் தாங்கும் மரபுமாற்றம், வைரஸை எதிர்கொள்வதற்கு முன்பே சில பாக்டீரியாக்களில் தற்செயலாகத் தோன்றிவிடுகிறது என்பதை லூரியா, டெல்புரூக் என்னும் அறிவியலாளர்கள் 1943இல் காட்டினர். அதே வழியில் பார்த்தால், துறைமுகத்து நஞ்சு எந்த உயிருக்கும் வலிமையைக் கற்பிக்கவில்லை. தாங்காதவற்றை அழித்துத் தாங்குபவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது, அவ்வளவே.

பிரான்சின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் இதன் இரு பக்கங்களும் ஒருங்கே தெரிகின்றன. 1970களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்து, குஞ்சுகள் பிழைக்காமல் போகவே, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இப்பூச்சை அந்நாடு 1982இல் தடை செய்தது. (நத்தையையும் சிப்பியையும் ஈரறிவுயிர் என்று வகுத்த தொல்காப்பியத்தில், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கு இடமில்லை, சிப்பி மாண்ட இடத்தில் நிலைத்ததோ அதுவே.) ஆர்க்கஷோன் துறைமுகச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்னும் பாக்டீரியாவின் உறையில், உள்ளே புகும் நஞ்சை வெளியே தள்ளும் புரத ‘பம்பு’ ஒன்று கண்டறியப்பட்டது. ஓட்டைப் படகில் நீர் இறைப்பதைப் போன்ற இந்த வேலையில் நஞ்சு அழிவதில்லை, இடம் மாறுகிறது. அதே பம்பு குளோராம்ஃபெனிக்கால் போன்ற நோய்க்கொல்லி மருந்துகளையும் வெளியேற்றும் என்பதால், கப்பலுக்கு அடித்த பூச்சு மருத்துவமனையின் கவலையாகவும் ஆகக்கூடும்.

ஆலகாலத்தை உண்டு கண்டத்தில் நிறுத்திய இறைவனைப் போற்றும் மரபு, பிறர் பொருட்டு நஞ்சை ஏற்பதை அருள் என்கிறது. போர்ச்சுகலின் அவெய்ரோ காயலில் கிடைத்த ஏரோமோனாஸ் மொலஸ்கோரம் என்னும் இனம் டிரைபியூட்டைல்டினைச் சிதைத்து நஞ்சு குறைந்த சேர்மங்களாக்குவது உண்மைதான். எனினும் உணவு தேடும் உயிரின் செயலை அருள் என்று கொண்டாடுவது, நஞ்சை ஊற்றிய கையைக் கணக்கிலிருந்து விடுவிப்பதாகும். வினையின் பொறுப்பு கருத்துடையோருக்கே உரியது என்றால், இங்கே அது மனிதரை விட்டு நீங்காது. இப்பூச்சைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டும், 2008 செப்டம்பர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உயிர்வளி புகாத சேற்றில் புதைந்த நஞ்சு பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் பிடிக்கும்.