செலவும் செலவழுங்கலும்

தமிழிற் 'செலவு' என்னும் ஒரு சொல் இருபொருள்பட வழங்குகின்றது. பண்டைச் சான்றோர் வழிச்செல்லுதலைச் செலவு என்றனர். இக்காலத்தார் கைப்பொருள் போதலைச் செலவு என்கின்றனர். அகப்பொருளிற் 'செலவழுங்கல்' என்பதொன்றுண்டு. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தலைவியின் வருத்தங் கண்டு தன் போக்கை நிறுத்திவைத்தல் அது. அங்ஙனம் அழுங்குதல் செல்லாது விடுதலன்று, தலைவியை ஆற்றுவித்துப் பின்னர்ச் செல்லுதற்பொருட்டே என்று ஆசிரியர் தொல்காப்பியனார் தெளிவுறுத்தினார். அவ்விலக்கணம் காதலர்க்கு மாத்திரமன்றித் தலயாத்திரை செய்வார்க்கும் பொருந்துமென்று எனக்குத் தோன்றுகின்றது. கடன்பட்டு யாத்திரை செய்தல் சைவனுக்குத் தகுமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினா நூல்களிலிருந்து எனக்குக் கிடைத்ததன்று. எங்கள் தெருவிலிருந்து கிடைத்தது. ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரத்துள்ள ஊர். முன்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுந் தொழிலும் காலணி செய்யுந் தொழிலும் ஓங்கியிருத்தலின், இச்சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும், பெண்டிரே மிகுதியாக, விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுகின்றனர். அத்தொழிலாற் பாலாறு பட்ட பாட்டை 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே எடுத்துரைத்துத் தீர்ப்பளித்தது. ஊரார் ஈட்டும் பொருளுக்கு ஆறு கொடுத்த விலை அது. அஃது ஒருபுறமிருக்க, அப்பொருள் எளிதில் வந்த பொருளன்று என்பதை மாத்திரம் இங்கே நினைவிற் கொள்க.

சில யாண்டுகட்கு முன் எங்கள் தெருவினர் ஒருவர், தந்தையார் உயிரோடிருக்கும்போதே அவரைக் காசிக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். கையிற் பொருளில்லை. என்பால் வந்து கருத்துக் கேட்டார். யான் சிறிதும் ஆராயாது, "புறப்படுங்கள், சிவபெருமான் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவர் மூன்று ரூபாய் வட்டிக்கு இருபதினாயிரம் கடன் வாங்கிச் சென்று வந்தார். மூன்று ரூபாய் வட்டியென்பது நூற்றுக்குத் திங்கள்தோறும் மூன்று, ஆண்டிற்கு முப்பத்தாறு. இருபதினாயிரத்திற்குத் திங்கள் ஒன்றுக்கு அறுநூறு. இருபது திங்களிற் பன்னீராயிரம் வட்டியாகவே போயிற்று. முதல் அப்படியே நின்றது. அவ்வறுநூற்றை ஈட்டியவர் யார்? காலணிச் சாலையில் வேலைசெய்யும் அவர் மனைவியார். மிகைநேர வேலையை ஒப்புக்கொண்டமையால், முன்பெல்லாம் பிரதோடந்தோறும் திருக்கோயிலுக்கு வந்துகொண்டிருந்த அம்மையார் வருதல் நின்றது. கணவர் கங்கையில் ஒருமுறை மூழ்கியதற்கு மனைவியார் எத்துணைப் பிரதோடங்களை இழந்தார் என்று எண்ணிப் பார்த்த நாளில் யான் சொன்ன சொல் எனக்கே கசந்தது.

என் சொல்லுக்கு யான் சார்பாகக் கொண்டது ஒரு பிழைக்கருத்து. "வருவது நுகர்வினைப்படி வரும், வரவு செலவு கணக்கிடுதல் திருவருளை ஐயுறுதலாகும்" என்பது அது. மடங்களைச் சூழ்ந்திருப்பாரிலும் இவ்வாறு பேசுவோர் உளர். சித்தாந்தம் இதனை ஒப்புமோ எனின், ஒப்பாது. சஞ்சிதத்தில் முதிர்ந்தது பிராரத்தமாய் உடலையும் இன்பதுன்பங்களையும் கொண்டுவருகின்றது என்பது மெய்யே. அதனை நுகருங்கால் 'யான், எனது' என்னும் முனைப்பினாற் புதிதாக ஏறுவது ஆகாமியம். வணிகர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை: பழங்கடன் ஒன்று, இத்திங்கள் செலுத்தும் தவணை ஒன்று, தவணை செலுத்துங்கால் மேலும் வாங்குங் கடன் ஒன்று. வறுமை ஒருவர்க்கு நுகர்வினையாயிருத்தல் கூடும். மூன்று ரூபாய் வட்டிப் பத்திரத்திற் கையொப்பமிடுதல் நுகர்வினையன்று. அஃது இச்சை அறிவு செயல்களையுடைய உயிர் தானே தேடிக்கொள்ளும் ஏறுவினை. உயிர்க்கு அறிவுண்டென்று சாதித்த நம்மனோர், அவ்வறிவைக் கணக்கிடுதற்கு மாத்திரம் பயன்படுத்தலாகாது என்பது வியப்பே.

அற்றேல், நாயன்மார் கணக்கிட்டனரோ என்று வினவுவார் உளர். குங்கிலியக் கலயர் வரலாற்றையே அவர் முன்வைப்பர். திருக்கடவூரில் மனைமக்கள் இருநாள் பசித்திருக்க, நெல் வாங்குதற்கு மனைவியார் கழற்றிக்கொடுத்த மங்கலத் தாலியை எதிரே வந்த வணிகனிடம் கொடுத்துக் குங்கிலியப் பொதி கொண்டார் அவர். அதனைத் திருக்கோயிற் பண்டாரத்திற் சேர்த்து, அங்கேயே இருந்துவிட்டார். இறைவன் அவர் இல்லத்தை நெல்லாலும் பொன்னாலும் நிறைத்தருளினான்.

இதற்கு யான் காணும் விடை இது. கலயனார் நிறைத்தருளுவான் என்று எதிர்பார்த்துக் கொடுத்தவரல்லர். மனையின் பசியையும் மறந்த அன்பினாற் கொடுத்தார். கடன்படுவோரோ, 'இறைவன் திருப்பித் தருவான்' என்று எண்ணியே படுகின்றார். அவ்வாறெண்ணுதல் கணக்கிடாமை ஆகாது. இறைவனையும் ஒரு வரவாக வைத்துக் கணக்கிடுதலே ஆகும். மேலும், கலயனார் கொடுத்தது தம் மனையிலிருந்த பொருள், பிறன் பொருளன்று. இவ்விடை எனக்கு முழுதும் அமைதி தருகின்றதோ எனின், தரவில்லை. அவ்விரவிற் பசித்திருந்த மனைவியாரும் மக்களும் என் கண்முன் நிற்கின்றனர். வன்மைத் தொண்டுகள் வணங்குதற்குரியன, பின்பற்றுதற்குரியனவல்ல என்று பெரியோர் கூறுவதன் பொருள் இத்தகைய இடங்களிலேதான் விளங்குகின்றது.

நாம் பின்பற்றுதற்குரியவர் திருநின்றவூர்ப் பூசலார் என்பேன். அவர் சிவபெருமானுக்குத் திருக்கோயில் எடுக்க விரும்பினார், எங்கெங்கோ சென்று பொருள் தேடினார், கிடைத்திலது. அதன்பின் அவர் செய்தது யாது? கடன் பத்திரம் எழுதிக்கொடுக்கவில்லை. கோயில் வேண்டாவென்று விட்டுவிடவுமில்லை. மனத்தினுள்ளே பொருள் சேர்த்து, கருவிகள் தேடி, தச்சரை வருவித்து, நன்னாளிற் கால்கொண்டு, இரவும் உறங்காது பணி நடத்தி, விமானமும் சிகரமும் சுதைப்பணியும் கிணறும் மதிலும் குளமும் ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, நிலைபெறுத்தும் நாளையும் குறித்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் அதே நாளைக் குறித்திருப்ப, இறைவன் கனவிலே தோன்றி அவ்வரசனை நாள் மாற்றச் சொல்லியருளினான். இவ்வரலாற்றை அன்பின் பெருமைக்கே எல்லோரும் எடுத்துக்காட்டுவர். அதனுள் இருக்கும் ஒழுங்கை ஒருவரும் கருதுவதில்லை. நினைவிற் கட்டுங் கோயில்தானே என்று ஒரே கணத்திற் கட்டி முடித்தாரல்லர். கால்கோளுக்குமுன் சிகரத்தை வைத்தாரல்லர். பொருளில்லாதவர்க்குத் திட்டமிடல் எற்றுக்கு என்பாரை அவர்பாலே அனுப்புதல் வேண்டும்.

பொருள் பெற்றபின்னும் விழிப்பு வேண்டுமென்பதற்கு வன்றொண்டர் சான்றாவர். திருமுதுகுன்றத்திற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்தான். அப்பொன்னின் மாற்றறிதற்கு ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஆற்றிலிட்டார். ஆரூரில் எடுத்து உரைத்தபோது மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, மீண்டும் பாடி நிறைவு பெற்றார். கொடுத்தவன் இறைவன், ஆயினும் மாதிரி வைத்துக்கொண்டார் தம்பிரான் தோழர்! திருவீழிமிழலையிற் பஞ்சகாலத்திற் பெற்ற படிக்காசுக்கு வட்டங் கொடுக்க வேண்டியிருந்தமையால் தம் மடத்தில் அடியார்க்கு அமுது தாழ்க்கின்றது என்பதை ஆளுடைய பிள்ளையாரும் கேட்டறிந்தார். நம்மவரோ, திங்கட்கு நூற்றுக்கு எட்டும் பத்தும் தருவதாகச் சொல்லும் நிதிநிறுவனத்தில் மாதிரியும் பாராது, உரைகல்லும் தேடாது, வாழ்நாட் சேமிப்பை இட்டுவிட்டு 2022-ஆம் ஆண்டில் வேலூரிற் கண்ணீர் விட்டனர்.

இனி, நம் முன்னோர் யாத்திரையைக் கடனுக்கு விட்டுவிட்டாரோ எனின், இல்லை. காசியிற் குமரகுருபர அடிகள் மடம் நிறுவியதும், 1863-ஆம் ஆண்டில் நகரத்தார் அங்கே சத்திரம் நிறுவியதும், இராமேச்சுர வழியில் தஞ்சை மராட்டிய மன்னர் சத்திரங்கள் எடுத்ததும் எதன்பொருட்டு? வழிச்செல்வோன் உணவுக்கும் உறையுளுக்கும் பிறன் கையை எதிர்பாராமற் சென்று மீளுதற்பொருட்டே. தமிழ்நாட்டு அறநிலையத்துறையும் 2022-23-ஆம் ஆண்டில் முதியோர் இருநூற்றுவரை அரசின் செலவிலேயே இராமேச்சுரத்திலிருந்து காசிக்கு அழைத்துச் சென்றது. இவற்றையெல்லாம் உசாவாது முதலில் வட்டிக்காரன் வாயிலுக்குச் செல்லுதல் அன்பின் மிகுதியன்று. சோம்பலே. மடங்களைச் சார்ந்தோர்க்கு ஒரு விண்ணப்பம்: யாத்திரையின் பயனைப் பேசும் மேடைகளில், அதற்குப் பொருள் சேர்க்கும் நெறியையும் இரண்டொரு சொல்லாற் பேசுதல் நன்று. யான் பேசாமையால் விளைந்ததை மேலே சொன்னேன்.

சென்ற ஆண்டில் எங்கள் தெருவில் வேறொரு குடும்பத்தில் அதே ஆவல் எழுந்தது. இம்முறை கணவரும் மனைவியும் ஒருங்கே வந்தனர். "ஐயா, கடன் வாங்கலாமா?" என்றார் கணவர். யான் உடனே விடை சொல்லாது, ஒரு தாளை எடுத்து வரவு செலவை எழுதச் சொன்னேன். எழுதியபின் மனைவியார், பதிவுபெற்ற ஏலச்சீட்டொன்று உண்டென்றும் அதிற் சேரலாமென்றும் கூறினார்.

சீட்டின் இயல்பையும் தாளில் எழுதிப் பார்த்தோம். இருபதின்மர், திங்கட்கு ஆயிரம், இருபது திங்கள். முதற்றிங்களிலேயே சீட்டை எடுக்க முந்துவோன் ஆறாயிரம் கழிவுக்கு ஏலங்கேட்டால், அவன் கையில் வருவது பதினாலாயிரமே. கழிவில் நடத்துவோர்க்குரிய கூலி போக எஞ்சியதே ஏனையோர்க்குப் பகிரப்படும். அக்கூலி 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாதிருந்தது. 2021-இல் ஏழாக உயர்ந்தது. ஆகவே கூலி ஆயிரத்து நானூறு போக, நாலாயிரத்து அறுநூறு இருபதின்மர்க்கும் தலைக்கு இருநூற்று முப்பதாகத் தவணையிற் குறையும். கடைசியில் எடுப்போன் அக்குறைவையெல்லாம் பெற்று, முடிவிற் பதினெண்ணாயிரத்து அறுநூறும் பெறுவான். முந்துவோன் கொடுக்கும் கழிவே காத்திருப்போனுக்கு ஊதியமாகின்றது. செலவழுங்குதற்கு இத்தகைய கூலியும் உண்டென்பதை யான் அன்றுதான் அறிந்தேன்.

தொடர்வண்டிக்கு இடம் பதிவுசெய்தல் முன்பு நூற்றிருபது நாட்கு முன்னரே தொடங்கும். 2024 நவம்பர் முதல் அஃது அறுபது நாளாயிற்று. ஆகலின் சீட்டு முடியும் திங்களுக்கும் வண்டியேறும் நாளுக்கும் இடையே இரண்டு திங்கள் விட்டுக் குறித்தனர். அதுகாறும் யாது செய்வதென்று கணவர் சோர்ந்து கேட்டார். பூசலார் செய்ததைச் செய்யலாமே என்றேன்: காசித்தல வரலாற்றைப் படித்தல், எந்நாள் எங்கே வழிபடுவதென்று எழுதிவைத்தல், இங்கேயே பிரதோட வழிபாட்டைத் தவறாது செய்தல். அவர்க்கு அஃது அவ்வளவு இனிக்கவில்லை, ஆயினும் இசைந்தார்.

எழுந்து செல்லுங்கால் மனைவியார் ஒன்று கூறினார்: "ஐயா, சீட்டு என் பெயரிலே இருக்கட்டும், பணம் கட்டுகிறவள் நான்தானே." கணவர் என் முகத்தைப் பார்த்தார். யான் அம்மையார் சொல்வதே முறையென்றேன். இப்போது பன்னிரண்டு தவணை சென்றிருக்கின்றது.