வாசலுக்கு வெளியே யார்?



இன்று சனவரி 31, தூய தொன் போஸ்கோவின் நினைவு நாள். அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்ததிலிருந்து, நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவர்களிடம் படித்தும் தொழில் கற்றும் ஆளாகியிருக்கிறார்கள். அதனால் அவர் பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பணிக்கு வித்து விழுந்த இடங்களில் ஒன்று சிறைச்சாலை.

1841-இல் குருவான அவரை, அவருடைய ஆன்ம வழிகாட்டி தூய யோசேப்பு கஃபாசோ தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரையிலான பையன்கள் அங்கே இருந்தார்கள். நல்ல திடகாத்திரமும் சூட்டிகையும் உள்ள பிள்ளைகள், செய்ய வேலையின்றிப் பூச்சிக்கடியில் கிடந்தார்கள். அதைக் கண்டு துடித்தவரை இன்னொன்று அதைவிட உலுக்கியது. இனி ஒழுங்காக இருப்பேன் என்று சொல்லி விடுதலையானவர்களே சில நாளில் திரும்ப உள்ளே வந்தார்கள். ஏன் என்று பார்த்தார். வெளியே அவர்களுக்கு ஆளில்லை. பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து கட்டட வேலையிலும் புகைபோக்கி துடைப்பதிலும் காலம் தள்ளிய பையன்களை ஏனென்று கேட்க நாதியில்லை. சிறைக்குள் செய்யும் பணி வாசலுக்கு வெளியேதான் முழுமை பெறும் என்று அவருக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களைக் கூட்டி மறைக்கல்வியும் விளையாட்டும் பாட்டுமாக அவர் நடத்திய மன்றம் இந்தத் தெளிவோடு வளர்ந்தது.

பிறகு வேலை பார்க்கும் பையன்களுக்காக முதலாளிகளிடம் போய் நின்றார். 1852 பிப்ரவரி 8 அன்று ஒரு தச்சரோடு அவர் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பையனை வாயால் சொல்லித் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை. பையன் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டவர்களில் தொன் போஸ்கோவும் ஒருவர். அந்தக் கையெழுத்தை நான் ஒரு மறையுரையாகவே நினைக்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். தவறு செய்ததாகப் பிடிபடும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை நம் சட்டம் சிறைக்கு அனுப்புவதில்லை, கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புகிறது. அங்கே உரிய அனுமதியோடு போய்வரும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் இருக்கிறார்கள். மதம் மாற்ற அல்ல, பிரசங்கம் செய்யவும் அல்ல. பிள்ளை பேசினால் கேட்க, பேசாவிட்டால் பக்கத்தில் இருக்க. பார்க்க வருகிறவர்களின் நாளில் அம்மா முறுக்கும் பிஸ்கட்டும் கட்டிய பையோடு வந்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பையனாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிடப்படாத பையன் கதவுப் பக்கமே பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். பலர் தேடிப்போவது அந்தப் பையனைத்தான். ஒரு முறை போய்விட்டு நின்றுவிட்டால் அது அவனுக்கு இன்னொரு கைவிடல். ஆகவே போகிறவர்கள் தொடர்ந்து போக வேண்டும்.

"அடிபட்ட குடும்பத்தை மறந்துவிட்டு, அடித்தவனுக்காக உருகுகிறீர்களே சாமி?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீருக்கு முன்னால் நாம் வாய் திறக்கவே யோசிக்க வேண்டும். அந்த வீட்டுப் படியையும் நாம் ஏறியாக வேண்டும். ஆனால் தான் செய்தது இன்னொருவர் வாழ்க்கையை என்ன செய்தது என்று ஒரு பையன் உணர வேண்டுமானால், முதலில் அவனை யாராவது மனிதனாக மதித்து உட்கார வைத்துப் பேச வேண்டும். அடிக்கு அஞ்சுகிறவன் மறைக்கத்தான் கற்றுக்கொள்வான்.

இன்றைய நற்செய்தியில் இயேசு ஒரு குழந்தையைச் சீடர் நடுவே நிறுத்தி, இப்படி ஒன்றை ஏற்பவர் தம்மையே ஏற்கிறார் என்கிறார். அது நல்ல பிள்ளையா, கெட்ட பிள்ளையா என்று அவர் விசாரிக்கவில்லை. நாமோ விசாரித்துக்கொண்டே இருக்கிறோம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளையின் பெயரும் படமும் வெளியே வரக் கூடாது என்கிறது. பத்திரிகை அச்சிடாத பெயரைத் தெருவுக்குத் தெருவு சொல்கிறவர்கள் நாம். அன்பியக் கூட்டத்தில் செபக் கருத்து என்ற பெயரிலேயே அது வெளியாகிறது. இது பாவம், அன்பர்களே.

உங்களிடம் கேட்பது இதுதான். அப்படி ஒரு பிள்ளை வீடு திரும்பினால், அந்த வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பழையதைக் கிளறாதீர்கள். இளையோர் இயக்கத்தாரே, கிரிக்கெட் அணியில் அவனுக்கும் இடம் கொடுங்கள். பட்டறையும் அச்சகமும் கடையும் வைத்திருப்பவர்களே, பதினெட்டு முடிந்து வேலை கேட்டு வருகிறவனைப் பழைய வழக்கைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். அவனுக்காகக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்றால், பங்கு இல்லத்துக்கு வாருங்கள், நான் போடுகிறேன். ஆமென்.